பூட்டிய மோட்டார் ஓடியது

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியதில் பாதியை முதல் மாதத்திலேயே நீங்களாகத் தெரிந்துகொள்வீர்கள். எந்த மேனேஜரிடம் காலையில் பேசக் கூடாது, எந்த மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் இருந்தால் சீக்கிரம் முடியும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீதிப் பாதியில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பில்ட் டூல் பற்றியது. கேட்டதும் கொட்டாவி வருகிறதல்லவா? எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை அப்படித்தான் இருந்தது.

நான் வேலை பார்த்த கம்பெனி, கிணற்று மோட்டார்களுக்குப் பொருத்தும் பெட்டிகளைச் செய்தது. சிம் கார்டு போட்ட பெட்டி. வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படியும் வைக்கலாம். அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதும் குழுவில் நான் இருந்தேன். ஆபீஸ் சென்னையில். வீடு உத்திரமேரூர்ப் பக்கம் காவாந்தண்டலத்தில். வாரத்தில் சில நாள் பஸ் பிடித்துப் போவேன், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்து விவசாயிகள் என்பதால், ஆபீஸில் யாருக்காவது சந்தேகம் வந்தால், "உங்க ஊர்ல எப்படிங்க?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெட்டியில் 'பூட்டு' என்று ஒரு வசதி இருந்தது. கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது போனில் பூட்டை அழுத்திவிட்டால் மோட்டார் ஓடாது. ஆனால் ஆரம்பத்தில் அதில் ஒரு குறை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பெட்டி பூட்டை மறந்துவிடும். எங்கள் பக்கத்தில் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்தக் குறையைச் சரிசெய்தோம். எங்கள் குழுவில் ஒருவர் அதற்கான நிரலை, நாங்கள் சொல்வது போல் கோடை, எழுதினார், நான் படித்துப் பார்த்தேன், சோதனைக் குழு சோதித்தது, எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பெட்டிகளில் ஏற்றி, வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினோம்: கரண்ட் போய் வந்தாலும் இனி பூட்டு பூட்டாகவே இருக்கும்.

செய்தி போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சர்வீஸ் ஆள் போன் செய்தார். "மேடம், உங்க வீட்டுக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு கஸ்டமர் ரொம்பக் கோவமா இருக்காரு. நான் செய்யாறுல மாட்டிக்கிட்டேன். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர முடியுமா?"

என் கணவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஏரிக்குத் தெற்கே நவரைப் பட்டத்து நெல் பச்சையாக நின்றது. கிணற்று மேட்டில் அந்தக் கஸ்டமர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொடும் வயது. கழுத்தில் ஒரு பக்கம் சிவந்து கன்றிப்போயிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"பொட்டிய கெயட்டி எட்துகினு போயிடுங்க. எங்குளுக்கு வாணாம்."

"இரு, அவங்க இன்னான்னு கேக்கட்டும்," என்றார் ஏழுமலை. பிறகு என்னிடம் நடந்ததைச் சொன்னார்.

கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடை. மோட்டாரும் பம்பும் அதன் மேல்தான் இருக்கின்றன. பம்பில் தண்ணீர் ஒழுகியது. அதை அடைக்க இறங்கியிருக்கிறார். இறங்குமுன் போனில் பூட்டை அழுத்தியிருக்கிறார். அவர் இறங்கிய பிறகு கரண்ட் போயிருக்கிறது.

"பூட்டிட்டுதான்க்கா எறங்கனேன். போன்ல பூட்டு படம் கூட வந்துச்சி. உள்ள குனிஞ்சி வேல பண்ணிக்கினு கீறேன், கரண்டு வந்துச்சி. மோட்டரு தானா ஓட ஆரம்பிச்சிடுச்சி. தோள்ல கெடந்த துண்ட இஸ்துக்கினு பூட்ச்சிக்கா. கய்த்த சுத்தி இர்ந்திச்சி அது. நல்ல வேளயா பய துண்டு, கிழிஞ்சிடுச்சி."

அந்தத் துண்டின் மிச்சம் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் சுழலும் தண்டில் இறுகச் சுற்றியிருந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட துண்டு. புதுத் துண்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. மூவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

"முன்னாடியெல்லாம் எப்படி இறங்குவீங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி பீஸ் கட்டைய புட்ங்கிட்டுதான் எறங்குவேன். நீங்கதான மெசேஜ் அனுப்ச்சீங்க, இனிமே பூட்டு போதும்னு?"

ஆபீஸில் யாரோ எழுதி, யாரோ சரிபார்த்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அழுத்தில் அனுப்பிய செய்தி. இந்தக் கிணற்று மேட்டில் ஒரு மனிதர் அதை நம்பி, பழக்கமான பாதுகாப்பைக் கைவிட்டிருந்தார். நாம் அனுப்பும் வாக்கியங்கள் எங்கே போய் என்ன செய்யும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். அவருடைய பழைய ஸ்டார்ட்டரையே மறுபடி மாட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கன்னியம்மா என்னிடம் தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸில் பெட்டியை மேசை மேல் வைத்தேன். நீங்கள் எப்படிப்பட்ட பதில்களைக் கேட்கப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். "கோட் சரியாத்தான் இருக்கு." "டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு." "அவர் பூட்டை ஒழுங்கா அழுத்தியிருக்க மாட்டார்." இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. கோட் சரியாகத்தான் இருந்தது. டெஸ்ட் பாஸ் ஆகித்தான் இருந்தது.

நான் வாதாடவில்லை. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன், பூட்டினேன், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தேன். மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பைத்தான் மாட்டியிருந்தேன். பல்ப் எரிந்தது. பிறகு எங்களிடமிருந்த அதே கோடை என் கணினியிலேயே பெட்டிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி ஏற்றினேன். பூட்டினேன், நிறுத்தினேன், கொடுத்தேன். பல்ப் எரியவில்லை. பெட்டி ஒன்று, கோட் ஒன்று. செய்த இடம் மட்டும்தான் வேறு. ஏழுமலைக்குப் போனது எங்கள் சர்வரில் செய்தது.

இதற்கு மேல் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. சர்வரில் என்ன கோளாறு, எத்தனை பெட்டிகளில் இப்படி, எதுவும் தெரியாது. ஆனால் ஒரு முடிவை அந்த இடத்திலேயே எடுக்க வேண்டியிருந்தது. மேனேஜரின் அறைக்குப் போனேன்.

"டீலர்கள், கஸ்டமர்கள் எல்லாருக்கும் இப்பவே சொல்லணும். யாரும் பூட்டை நம்பிக் கிணத்துல இறங்கக் கூடாது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுத்தான் இறங்கணும்."

அவர் நிதானமான மனிதர். "காரணம் தெரிஞ்சுதா, வசந்தா?"

"தெரியல."

"காரணமே தெரியாம கஸ்டமர் எல்லாரையும் பயமுறுத்தச் சொல்றீங்க. ரெண்டு நாள் பொறுங்க. கண்டுபிடிச்சிட்டு, என்னன்னு தெளிவா எழுதி அனுப்பலாம். அரைகுறையா அனுப்பினா நம்ம பேரு கெடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெளிவில்லாத எச்சரிக்கை குழப்பத்தைத்தான் உண்டாக்கும். ஆனால் என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. நான் சொல்வது தப்பாகப் போனால், விவசாயிகள் இரண்டு மூன்று நாள் பழையபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார்கள். அவ்வளவுதான் நஷ்டம். நான் சொல்வது சரியாக இருந்து நாங்கள் பொறுத்திருந்தால்?

"சார், அவர் முன்னாடி கட்டையைப் பிடுங்கிட்டுத்தான் இறங்கிட்டிருந்தார். நாம மெசேஜ் அனுப்பினதாலதான் விட்டார். அதே மெசேஜை எத்தனை பேர் படிச்சாங்க? நாம சொன்னதை நாமதான் திரும்ப வாங்கணும். காரணம் அப்புறம் சொல்லலாம்."

அவர் நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, "வாசகம் சொல்லுங்க, நானே டைப் பண்றேன்," என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி போய்விட்டது. பெரிய காரணமெல்லாம் எழுதவில்லை. பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை கட்டையைப் பிடுங்கிவிட்டு இறங்குங்கள் என்று மட்டும். அவர் பயந்த மாதிரி பேர் ஒன்றும் கெடவில்லை. சில டீலர்கள் போன் செய்து "நல்ல வேளை சொன்னீங்க" என்றார்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். முழுசாகத் தெரிந்த பிறகு பேசலாம் என்று தோன்றும். ஆட்கள் அடிபடக்கூடிய விஷயமாக இருந்தால் தெரிந்த மட்டும் சொல்லிவிடுங்கள்.

இனி பில்ட் டூலுக்கு வருகிறேன். உங்களில் சிலர் இன்னும் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். நாம் எழுதும் கோட் பல துண்டுகளாக இருக்கும். பில்ட் டூல் ஒவ்வொரு துண்டையும் பெட்டிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும். நன்றாக முடிந்தால் திரையில் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் டீ குடிக்கப் போவோம்.

சர்வர் எழுதிவைத்திருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து அன்று மாலையே காரணத்தைக் கண்டுபிடித்தோம். பூட்டைச் சரிசெய்தவர் தன் கோடில் இன்னொரு கோப்பின் பெயரை எழுதும்போது ஒரு பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்தைப் போட்டிருந்தார். ஆங்கிலப் பெயரில் அதெல்லாம் எளிதில் கண்ணில் படாது. அவருடைய கணினிக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. என் கணினிக்கும் அப்படித்தான். சர்வர் வேறு ரகம். அது அந்தக் கோப்பைக் காணோம் என்று சொல்லி, அந்த ஒரு துண்டை மாற்ற முடியாமல் விட்டது. சோதனைக் குழுவிடம் போனது அவர் கணினியில் செய்த பிரதி. பெட்டிகளுக்குப் போனது சர்வரில் செய்த பிரதி.

சரி, சர்வரில் துண்டு தோற்றால் பில்ட் தோற்றிருக்க வேண்டும்தானே? அங்கேதான் விஷயம். எங்கள் டூல் அப்படிச் செய்யவில்லை. ஒரு துண்டு தோற்றால், அதே துண்டின் போன தடவைப் பிரதி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை எடுத்துச் சேர்த்துவிட்டு மேலே போய்விடும். யாரும் படிக்காத நீளமான வரிகளுக்கு நடுவில் ஒரு வரி எழுதிவைக்கும். கடைசியில் பச்சை. அப்படித்தான் பழைய பூட்டு, புதிய பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

பூட்டுக் கோடை அன்றே திருத்திவிட்டோம். சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலைதான். ஆனால் இந்த டூல் இப்படியே இருந்தால் நாளைக்கு இன்னொரு துண்டு. அதனால் டூலை மாற்றச் சொல்லி ஒரு யோசனை எழுத உட்கார்ந்தேன். தலைப்பெல்லாம் போட்டு எழுதி முடித்தும் விட்டேன். எல்லோருக்கும் அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தபோதுதான், இந்த டூலை எழுதியவர் நினைவுக்கு வந்தார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பெனி தொடங்கிய காலத்து ஆள், என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் ரொம்பப் பெரியவர். கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் அவர் இடம். மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிராளி வாயடைத்துவிடுவார். நான் எழுதியதை அவர் எல்லோரோடும் சேர்ந்து படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அது யோசனையாக இருக்காது, குற்றச்சாட்டாக இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் என்ன செய்வார்? வக்கீலாகிவிடுவார். கெட்டிக்கார வக்கீல் வேறு. டூல் அப்படியே இருக்கும், எங்கள் சண்டைதான் வளரும்.

அனுப்பாமல் மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். ஏழுமலை கதையை முதலிலிருந்து சொன்னேன். துண்டைச் சொன்னேன், கழுத்தில் இருந்த காயத்தைச் சொன்னேன். அந்த ஒரு வரியைத் திரையில் காட்டினேன்.

அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இது தெரியாம வந்த பக் இல்லைங்க. நான் வேணும்னே வச்சது."

"தெரியும். ஏன் வச்சீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அப்ப நாங்க ஒரு மாடி ரூம்ல இருந்தோம். ஒரே ஒரு மெஷின். காலையில பில்ட் போட்டா சாயந்திரம் ஆயிடும். நடுவுல யாரோ ஒருத்தரோட துண்டு தோத்துச்சுன்னா எல்லாருக்கும் அன்னிக்குப் பொழுது போச்சு. சண்டை வரும். அதான், தோத்தா பழசை எடுத்துக்கிட்டு மேல போன்னு எழுதினேன். எல்லாரும் பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இப்ப முழு பில்டும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடியுது. இதுக்கு இனிமே தேவையே இல்ல. யாரும் எடுக்கல. நானும் மறந்துட்டேன்."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வேலையில் பார்க்கப்போகும் ஒவ்வொரு கோணல் ஏற்பாட்டுக்கும் ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்திருக்கும். காரணத்தைக் கேட்டால், காரணம் போய்விட்டதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். கேட்காமல் குறை சொன்னால் காரணம் இன்னும் உயிரோடிருப்பதாகத்தான் எதிராளி சாதிப்பார்.

"அப்ப மாத்திடலாமா? ஒரு துண்டு தோத்தாலும் பில்ட் நிக்கணும்," என்றேன்.

"கூடாது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சொன்ன பிறகுமா?

"நாளைக்குக் காலையில எல்லா டீமுக்கும் ஒரே நேரத்துல சிவப்பு வந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? தப்பைத் திருத்த மாட்டாங்க. சிவப்பு வராம இருக்க வழி தேடுவாங்க. மதியத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க. நம்ம பசங்க கெட்டிக்காரங்க. முதல்ல டூல் நிக்க வேணாம், பேசட்டும். எது எது தோத்துச்சு, எங்கெங்க பழசைப் போட்டுச்சுன்னு கடைசிப் பக்கத்துல பெருசா காட்டட்டும். ரெண்டு வாரம் பாத்து வெக்கப்படட்டும். அப்புறம் நிறுத்தலாம்."

எனக்கு அது பிடித்தது. ஆனால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. "ரெண்டு வாரத்துல இன்னொருத்தர் கிணத்துல இறங்குவார் சார். மோட்டாரைப் போடுறது, நிறுத்துறது, பூட்டுறது, இந்தத் துண்டுகள் தோத்தா இன்னிலேர்ந்தே நிக்கணும். மத்தது நீங்க சொல்ற மாதிரி பேசட்டும்."

அவர் அந்தத் துண்டுகளின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "சரி. ஆளை அடிக்கிற துண்டெல்லாம் இன்னிக்கு. மிச்சம் ரெண்டு வாரம்." பிறகு இன்னொன்றும் அவரே சேர்த்தார். எந்தக் கோடிலிருந்து செய்யப்பட்டது என்ற அடையாளத்தை ஒவ்வொரு துண்டிலும் பதித்துவிட வேண்டும், பெட்டி முதன்முதலில் விழிக்கும்போது அடையாளங்கள் ஒத்துப்போகாவிட்டால் மோட்டாரையே தொடக் கூடாது என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் ஒருத்தியாக உட்கார்ந்து எழுதிய யோசனையில் அது கிடையாது.

யோசனையைத் திரும்ப எழுதினோம். இந்தத் தடவை கீழே இரண்டு பெயர்கள். மீட்டிங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். டூலை எழுதியவரே எழுந்து, "நான் வச்ச விதி, நானே எடுக்கறேன்," என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. அந்த மீட்டிங் ஆரம்பித்த வேகத்தில் முடிந்த மாதிரி என் பணிக்காலத்தில் இன்னொன்று முடிந்ததில்லை.

டூல் பேச ஆரம்பித்த முதல் நாள் காலை வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு டீமின் திரையிலும் கடைசிப் பக்கம் நிறைய வரிகள். அதுவரை ஜம்பமாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து ஆள் திரையை எட்டிப் பார்த்து, "உனக்கும் இருக்கா?" என்று கேட்டு ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். பெரும்பாலானவை அற்பத் தவறுகள். ஆனால் ஒன்றை மட்டும் நான் இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.

எங்கள் பெட்டி தமிழில் பேசும். போன் செய்தால் "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது", "மோட்டார் நின்றுவிட்டது" என்று ஒரு பெண் குரல் சொல்லும். எங்களோடு வேலை செய்த செல்வியின் குரல் அது. குரல் சன்னமாக இருக்கிறது, மோட்டார் சத்தத்தில் காதில் விழவில்லை என்று டீலர்கள் குறை சொன்னார்கள். செல்வி சத்தமாகப் பேசி மறுபடி பதிவு செய்தாள். அப்புறமும் அதே குறை. இன்னும் கத்திப் பேசிப் பதிவு செய்தாள். அப்புறமும். கடைசியில் தன் குரலே சரியில்லை, வேறு யாரையாவது பேச வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆபீஸில்கூட மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

அன்று காலை அவள் திரையைப் பார்த்துவிட்டு என் இடத்துக்கு ஓடிவந்தாள். "வசந்தா மேடம், இங்க பாருங்களேன்! நான் முதல்ல பேசினதுதான் இன்னும் போயிட்டிருக்கு! புதுசு எதுவுமே போகல! ஒவ்வொரு தடவையும் தோத்திருக்கு!"

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. ஜன்னல் ஓரத்திலிருந்து டூலை எழுதியவர் தலையைத் தூக்கி, "குரல்ல ஒரு குறையும் இல்லைங்க," என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். செல்வியும்தான். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு டூல் சொல்லாமல் மறைத்த ஒரு வரியால் ஒரு பெண் தன் குரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். பிழை கோடுக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் டூல் எல்லாத் துண்டுகளுக்கும் நிற்க ஆரம்பித்தது. முனகல் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புது மென்பொருளை வெளியிடும் ஒரு நாளில் கடைசி நேரத்தில் சிவப்பு வந்து நின்றுவிட்டது. இந்த ஒரு தடவை மட்டும் பழைய மாதிரி விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மேனேஜர், அதே நிதானமான மனிதர், "கேக்கறதுக்கு முன்னாடி எந்தத் துண்டுன்னு பாருங்க," என்றார். பார்த்தால், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் துண்டு. அதன் பிறகு அப்படி யாரும் கேட்கவில்லை. வெளியீடு தள்ளிப்போனதை அவரே டீலர்களுக்குப் போன் செய்து சொன்னார்.

திருத்திய பெட்டிகள் தயாரானபோது, முதல் பெட்டியை நானே கொண்டுபோய் மாட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சர்வீஸ் ஆளும் வந்தார். நெல் கதிர் பிடித்திருந்தது. ஏழுமலையின் கழுத்துக் காயம் ஆறித் தடம் மட்டும் இருந்தது. கன்னியம்மா இந்தத் தடவை நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். ஆனால் பெட்டியைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க இன்னா பொட்டி வேணா மாட்டுங்க. இவுரு எறங்கும்போது பீஸ் கட்ட என் மடியிலதான் இர்க்கணும்."

"அப்படியே செய்யுங்க. நானும் அதைத்தான் சொல்லப்போறேன்," என்றேன். இனி அனுப்பும் செய்திகளிலும் அந்த வரி இருக்கும் என்று சொன்னேன். பூட்டும் வேண்டும், கட்டையும் வேண்டும். கன்னியம்மாவின் முகத்தில் முதல் தடவையாக இறுக்கம் தளர்ந்தது.

பெட்டியை மாட்டி முடித்தோம். கிணற்றில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். ஏழுமலை போனில் பூட்டினார். சர்வீஸ் ஆள் மெயினை இறக்கினார். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப ஏற்றினார். பெட்டியில் விளக்கு வந்தது. நாங்கள் நாலு பேரும் கிணற்றைப் பார்த்தபடி நின்றோம். சத்தமே இல்லை. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. இன்னொரு தடவை இறக்கி ஏற்றச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. மோட்டார் ஓடவில்லை.

ஏழுமலை கிணற்றையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா இது, ஓடாத மோட்டர பாக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

"ஆமாங்க," என்றேன். "அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."